பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன்

வேலிக்கு அப்பாலிருந்து "தண்ணி! தண்ணி!" என்று ஒரு குரல் கேட்டது. எழுபதுகளின் தொடக்கம். சிட்னியில் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர வீட்டுக்கு நாங்கள் குடிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் மனைவி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், வெயிலில் கழுத்துச் சிவந்த, தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் முகத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மறுபடியும் "தண்ணி" என்கிறார். பிறகு உள்ளங்கையை உயர்த்தி, "பொறு, பொறு" என்கிறார்.

மனைவி ஈரத் துணியைக் கூடைக்குள் எறிந்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவந்தாள்.

"இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டு வெள்ளையன் எங்கடை பாஷையிலை பகிடி பண்ணுறான். போய் என்னெண்டு கேளுங்கோ."

"அவனுக்கு எங்கடை பாஷை எப்பிடித் தெரியும்?"

"அதைத்தானே கேக்கச் சொல்லுறன்!"

போய்க் கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டு சொற்கள்தான். அவர் ஓர் ஒல்லாந்தர். யுத்த காலத்தில் நெதர்லாந்துக் கடற்படையில் இளம் அதிகாரி. சுமாத்திராவில் யப்பானியரிடம் பிடிபட்டு, சிறைமுகாமிலிருந்து வேறு மூவருடன் ஒரு மீன்பிடி வள்ளத்தில் தப்பியவர். கடல் அவர்களைத் திருகோணமலைக்குத் தெற்கே ஒரு கரையில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்த மனிதர்கள் சிரட்டையில் எதையோ நீட்டித் "தண்ணி" என்றார்களாம். இவர் அதைப் பறித்து ஒரேயடியாகக் குடிக்கப் போக, கையைப் பிடித்துப் "பொறு" என்றார்களாம். நாங்கள் பேசிய ஓசை வேலி தாண்டிக் காதில் விழுந்ததும் அந்தக் கரை நினைவுக்கு வந்துவிட்டது என்றார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. என் மனைவிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மாலையே ஒரு தட்டு வடை வேலிக்கு மேலால் போனது.

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைக் கப்டன் என்றே கூப்பிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பதவிவரை உயர்ந்து, ஒல்லாந்தர் கிழக்கிந்தியத் தீவுகளைவிட்டு வெளியேறியபோது கடற்படையைவிட்டு விலகி, சிட்னிக்கு வந்து துறைமுகத்தில் ஒரு கப்பல் திருத்தும் இடத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர். என் மகன் பிறக்கும் வேளையில் என் மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நான் அன்று வேலையில் இருந்தேன். அவருடைய மனைவி யாவாவில் பிறந்து வளர்ந்த ஒல்லாந்தப் பெண். எங்கள் வீட்டு மிளகாய்த்தூளைக் கண்ணில் நீர் வராமல் சாப்பிட்ட ஒரே வெள்ளைக்காரி. என் மனைவி அவரை அக்கா என்று கூப்பிட்டாள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் கடற்படையில் சேர்ந்து, கப்டனுடன் அதே முகாமில் அடைபட்டுக் கிடந்து, அங்கேயே செத்துப்போனவன். யுத்தம் முடிந்தபின் அந்தச் செய்தியை அக்காவிடம் நேரில் கொண்டுபோய்ச் சொன்னவர் கப்டன். தம்பியின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்த மனிதர் என்பதனால்தான் அவரைக் கலியாணம் செய்துகொண்டதாக அக்கா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் தம்பியின் பிறந்த நாளில் அக்கா அடுக்கடுக்காக ஒரு கேக் செய்வார். கடற்படை உடுப்பில் சிரிக்கும் அந்தப் பையனின் படத்தை மேசையில் வைப்பார். எங்களையும் கூப்பிடுவார். கேக் வெட்டியதும் கப்டனின் கையைப் பிடித்து, "சொல்லுங்கள்" என்பார். கப்டன் சொல்வார். "அவனுக்குக் கடும் காய்ச்சல். நான் பக்கத்துப் பாயில் படுத்திருந்தேன். நித்திரையிலேயே போய்விட்டான், துன்பப்படவில்லை. அவன் போன பிறகுதான் நாங்கள் தப்பினோம்." ஒவ்வொரு வருடமும் அதே சொற்கள். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து தேநீர் ஊற்றுவார்.

அப்படி ஒரு பிறந்த நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம், கப்டன் என்னைத் தன் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். அங்கே தலைகீழாகக் கவிழ்த்து வைத்த ஒரு சிறிய வள்ளத்துக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். தூரிகையை நிறுத்தாமலே சொன்னார். "அவன் காய்ச்சலில் சாகவில்லை."

முகாமில் ஒரு சட்டம் இருந்ததாம். ஒருவன் ஓடினால் அவனுக்குப் பக்கத்தில் படுத்தவனைச் சுடுவார்கள். கப்டனுக்கு அது தெரியும். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் புறப்பட வேண்டிய வேளையில் அவனுக்குக் காய்ச்சல் உச்சியில் இருந்தது, பிதற்றிக்கொண்டிருந்தான். எழுப்பினால் சத்தம் போடுவான். தூக்கிக்கொண்டு போனால் வள்ளத்தில் சாவான், மற்றவர்களையும் காட்டிக்கொடுப்பான். கப்டன் எழுப்பவில்லை. தன் போர்வையை அவன்மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவனை வெளியே இழுத்துப்போய்ச் சுட்டார்கள். முகாமில் உயிரோடு மிஞ்சிய ஒருவன் யுத்தம் முடிந்ததும் கப்டனிடம் அதைச் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் கப்டன் அக்காவைத் தேடிப் போனார். உண்மையைச் சொல்லத்தான் போனார். கதவைத் திறந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது காய்ச்சல் கதை.

"இனி என்னால் முடியாது" என்றார். "ஈஸ்டருக்கு மெல்பேர்னிலிருந்து அவளுடைய தங்கை வந்து நிற்பாள். அப்போது சொல்லிவிடுவேன். தனியாக இருக்கும்போது கேட்டால் தாங்கமாட்டாள். அதுவரை இது உனக்கும் எனக்கும் மட்டும்."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். கையில் வார்னிஷ் பிசுபிசுக்க அவருடைய கையைப் பிடித்துக் கொடுத்தேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் கொஞ்சம் பேர் தெரிந்த பேச்சாளன். கல்லூரியில் மேடை ஏறினால் பின்வரிசைப் பையன்களும் கதையை நிறுத்துவார்கள். சிட்னியில் ஒரு வரைபட அலுவலகத்தின் மூலையில் இருந்தேன். என் பெயரை உச்சரிக்கச் சோம்பல்பட்டு என்னை 'சாம்' என்று கூப்பிட்டார்கள். கூட்டங்களில் நான் வாய் திறந்தால், முடிக்கும் முன்னே இன்னொருவன் பேசத் தொடங்கிவிடுவான். இது ஒரு சமாதானம் அல்ல. பசி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். பொங்கலுக்கு அப்படி அடங்கினோம். எங்கள் ஆட்களுக்குப் பிரதம விருந்தினர் இல்லாமல் விழா விழாவாகாது. விருந்தினரை அழைத்தால் மாலை வேண்டும், பொன்னாடை வேண்டும், அவர் பிறந்தது முதல் வந்து இறங்கியதுவரை புகழ்ந்து ஓர் அறிமுக உரை வேண்டும். கப்டனைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் கரையில் எங்கள் மீனவர்கள் காப்பாற்றிய கடற்படை அதிகாரி என்றதும் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. ஒருவர் மட்டும், "எங்களை ஆண்ட ஒல்லாந்தனுக்கே பொன்னாடை போடப் போறியள்? யாழ்ப்பாணக் கோட்டையையும் திருப்பிக் குடுங்கோவன்" என்று பகிடி விட்டார். செயலாளராக இருந்த டொக்டர் என் தோளில் தட்டினார்.

"அண்ணை, அறிமுக உரை நீங்கள்தான். பிளந்து கட்டுங்கோ."

"இங்கிலீசிலை பேசட்டோ? அவருக்கு விளங்க வேணுமே."

"சும்மா போங்கோ. இங்கிலீசெண்டா சனம் ரீ குடிக்க எழும்பீடும். தமிழிலை பேசுங்கோ. அவர் சிரிச்சுக்கொண்டு இருப்பார்."

விழாவன்று அக்கா சேலை உடுத்து வந்தார். என் மனைவிதான் உடுத்திவிட்டாள். மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. கப்டன் மேடையில் கழுத்தில் மாலையுடன் இருந்தார். அக்கா முன்வரிசையில், என் மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில். நான் பேசத் தொடங்கினேன். முதலில் வழக்கமான மண்டபம்தான். பிள்ளைகள் ஓடினார்கள், பின்னால் ஆண்கள் வீட்டு வாடகை பற்றிக் கதைத்தார்கள். முகாமைச் சொல்லத் தொடங்கியதும் கதை அடங்கியது. வள்ளத்தைச் சொன்னபோது ஒரு தாய் எழுந்துபோய்த் தன் பிள்ளையைப் பிடித்து மடியில் இருத்தினாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒரு மண்டபம் எனக்காக மௌனமாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். என் மனைவி அக்காவின் பக்கம் சாய்ந்திருந்தாள். அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். விருந்தாளி விளங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று நான் பேசப் பேச வசனம் வசனமாக அக்காவின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த இடத்தைத்தான் நான் எத்தனையோ வருடங்களாக வேறுவிதமாக நினைக்கப் பார்த்திருக்கிறேன். வாய் தவறிவிட்டது என்று. பேச்சின் வேகத்தில் கவனிக்கவில்லை என்று. இல்லை. நான் பார்த்தேன். நிறுத்தி, திருகோணமலைக் கரைக்குத் தாவியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த மௌனத்தை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும் போலிருந்தது. "பக்கத்துப் பாயிலே ஒரு பாலகன்" என்று தொடங்கினேன். காய்ச்சலைச் சொன்னேன். எழுப்பாமல் போனதைச் சொன்னேன். தப்பியவனுக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடந்தவனைச் சுடுவார்கள் என்று தெரிந்தும், நாட்டுக்காக நெஞ்சை இரும்பாக்கிக்கொண்டு நடந்தார் என்றேன். மறுநாள் அவனைச் சுட்டதையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பெயர் தேவையிருக்கவில்லை.

மண்டபம் கை தட்டியது. எல்லோரும் தட்டுவதைப் பார்த்துக் கப்டனும் சிரித்தபடி கை தட்டினார். டொக்டர் பொன்னாடையை விரித்து அவருடைய தோளில் போர்த்தினார். அவர் நாங்கள் பழக்கிய மாதிரி எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார். முன்வரிசையில் அக்கா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பழக்கமில்லாத சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, நடுவழியால் வெளியே நடந்தார். என் மனைவி "அக்கா, அக்கா" என்று பின்னால் ஓடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவள் கேட்டாள். "அது அவவின்ரை தம்பி. உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்கெப்பிடித் தெரியும்? பேர் சொல்லேல்லை அந்தாள். முகாமிலை எத்தினை பேருக்குக் காய்ச்சல், வேறை ஆரோ பெடியன் எண்டு நினைச்சன்."

"அவ்வளவு கதையும் உங்களுக்குச் சொன்ன மனுசன், கட்டின மனிசிக்குச் சொல்லேல்லை. என்ன மாதிரி ஆளப்பா இவர்!" என்றாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த நாளே அக்கா மெல்பேர்னில் தங்கையிடம் போய்விட்டார். கப்டன் சில நாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு மாலை வேலியடிக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "தமிழில் சொன்னால் சொன்னதாகாது என்று நினைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"அதை விடு. எனக்கு ஒரு காரியம் செய். ஈஸ்டருக்குச் சொல்ல இருந்தேன் என்று ரெலிபோனில் சொன்னேன், அவள் நம்பவில்லை. இவ்வளவு காலமும் பொய் சொன்னவன் இதையும் பொய்யாகத்தானே சொல்வான் என்கிறாள். கொட்டிலுக்குள் நான் சொன்னதைக் கேட்டவன் நீ ஒருவன்தான். போய் அதை மட்டும் சொல். தம்பியை விட்டுவந்ததை அவள் மன்னிக்க வேண்டாம். கடைசிவரை ஏமாற்ற நினைத்தேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது தெரிந்தால் வருவாள். எனக்கு அவளைத் தெரியும்."

லீவு எடுத்துக்கொண்டு ரெயினில் மெல்பேர்ன் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். தங்கையின் வீட்டுக் குசினியில் அக்கா எனக்குத் தேநீர் ஊற்றினார். மெலிந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் தங்கை கை கட்டிக்கொண்டு இருந்தாள். நான் வாய் திறக்கும் முன் அக்கா கேட்டார்.

"முதலில் ஒன்று சொல்லுங்கள். அவன் என் தம்பி என்றும், எனக்கு இது தெரியாது என்றும் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டா என் முன்னால் அதைப் பேசினீர்கள்?"

அந்தக் கேள்வியை நான் ஒழுங்குபடுத்தியிருக்கவில்லை. என் பிள்ளையை முதலில் கையில் ஏந்திய பெண் அவர். இரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை" என்றேன்.

அக்கா மூச்சை விட்டார். "எனக்குத் தெரியும். உங்கள் மனைவியும் அதைத்தான் சொன்னாள்." பிறகு கேட்டார். "அப்படியென்றால், என்னிடம் சொல்லப் போவதாக அவர் உங்களிடம் எப்போதாவது சொன்னாரா? ஈஸ்டருக்கு என்கிறார்."

ஆம் என்றால், அக்காவுக்குத் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். முதல் இல்லையைச் சொன்ன வாய்க்கு இரண்டாவது இல்லையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வழி இருந்தது. நான் எடுக்கவில்லை.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் யார் என்றுகூடச் சொல்லாமல், அதையும் ஒரு கடல் கதையாகத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்" என்றார் அக்கா. அழவில்லை. தங்கை எழுந்து யன்னலை மூடினாள். புறப்படும்போது அக்கா என் மனைவிக்கென்று ஒரு தகரப் பேணியில் அந்த அடுக்குக் கேக்கைப் போட்டுத் தந்தார்.

கப்டனிடம் "சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்" என்றேன். அவர் வேலிக்கு மேலால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த மாதங்களில் வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அக்காவின் ரோசாச் செடிகளைக் கத்தரித்தார். ஈஸ்டர் வந்ததும், வீட்டில் வெட்டிய ரோசாக்களை ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனார். அடுத்த நாளே திரும்பி வந்தார். நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெசினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"கதவில் நிற்கவைத்தே பேசினாள். உன்னைக் கேட்டாளாம், நீ இல்லை என்றாயாம். 'அவர் மரியாதையான மனிதர், என்னிடம் பொய் சொல்ல அவருக்கு என்ன காரணம்?' என்றாள்."

குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கப்டனும் அந்த யன்னலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். எனக்காகத்தான் தாழ்த்தினார்.

"நான் உயிருக்குப் பயந்து ஒருவனை விட்டுவிட்டு வந்தேன். நீ எதற்குப் பயந்தாய்?"

நான் புல்வெட்டி மெசினின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பத்திரிகையில் வரும் அளவுக்குப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று பெண்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அவர் திரும்பி உள்ளே போனார்.

அதன் பின்னும் சில வருடங்கள் அவர் அந்த வீட்டில் தனியே இருந்தார். என் மனைவி வேலிக்கு மேலால் எதையும் கொடுக்கவில்லை. "கட்டினவளுக்கு உண்மையில்லாத மனுசன்" என்பாள். கப்டன் அவளைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கொட்டில் கதவு திறந்து நான் பார்க்கவேயில்லை. எழுபதுகள் முடியும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். பால் போத்தல்கள் வாசலில் சேர்ந்து கிடந்ததைக் கண்டு பொலிசுக்கு அறிவித்தவன் நான்தான்.

சவ அடக்கத்துக்கு அக்கா மெல்பேர்னிலிருந்து தனியாக வந்திருந்தார். பாதிரியாரையும் துறைமுகத்து ஆட்கள் சிலரையும் தவிர நாங்கள்தான். மண் போட்டு முடிந்ததும் அக்கா என்னிடம் வந்து என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "வயதான பிறகு கொஞ்சம் மனம் மாறியது. திரும்பிப் போகலாமா என்று பலமுறை யோசித்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்னதுதான் நினைவுக்கு வரும். இத்தனை பேரில் எனக்கு உண்மை சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார்.

என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள்.

அக்காவைச் சென்ட்ரல் ஸ்டேசனுக்கு எங்கள் காரில்தான் கொண்டுபோனேன். கப்டன் பழக்கிய கைகளால் ஓட்டிக்கொண்டு போனேன். பெட்டியை ரெயினுக்குள் ஏற்றி, யன்னலோர இருக்கையைத் துடைத்துவிட்டேன். என் மனைவி வழிக்குச் சாப்பிட ஏதாவது வாங்கிவரக் கடைப்பக்கம் போயிருந்தாள். நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். ரெயின் வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. மெல்பேர்னில் இப்போது குளிர் எப்படி என்று கேட்டேன்.